பூட்டுப் பொத்தான்

வின்னிபெக்கில் அன்று மைனஸ் முப்பத்தொன்று.
பட்டறைக் கதவின் கைப்பிடி
கையுறையைக் கவ்விக்கொண்டு விடமாட்டேன் என்றது.
விளக்கைப் போடப் போன விரலில்
ஒரு குட்டி மின்னல்.
வறண்ட குளிரில் இங்கே எல்லாமே கடிக்கும்.

காலையில் முதல் வேலை அறுப்பதல்ல.
வாளின் வயரை நுனியிலிருந்து நுனிவரை
விரலால் தடவிப் போவேன், தலையில் பேன் பார்க்கிற மாதிரி.
ஒரு கீறல் போதும்,
அன்றைக்கு அது வேலைக்கு வராது.
பிறகு பழைய பல்துலக்கியால்
அடித்தட்டின் உருளைகளில் திரண்ட தூளைக் கிண்டுவேன்.
அதை விட்டால் கோடு குடித்தவன் நடை நடக்கும்.
அலகுகளுக்கு ஒரு மூச்சு சிலிக்கோன்.
எண்ணெய் தொட்டால் கறை;
கறைமேல் பசை பிடிக்காது.

இரண்டு அலகுகள்.
ஒன்று ஏற ஒன்று இறங்கும்.
ஒரே வீட்டில் பேசாமல் வாழ்கிற இருவர் மாதிரி
உரசி உரசியே கூர்.
தேய்ந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்றவேண்டும்.
ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தவர்கள்
பாளத்தின் விளிம்பைப் பார்த்தே ஒத்துக்கொள்வார்கள்.

அன்றைய ஓடர் ஓல்கா ஹ்ரின்சுக்கினுடையது.
பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள்.
இடது இடுப்பு ஏறிப்போனது,
இருக்கையின் இடப்பக்கம் அரை அங்குலம் இறங்கவேண்டும்.
நீளமான சரிவு வெட்டு.
கட்டைவிரல் வலிக்காமலிருக்க
பூட்டுப் பொத்தானை அழுத்தினேன்.
வாள் தானே ஓடியது, நான் கூடவே நடந்தேன்.

பாதி வழியில் கருகல் வாசம்.
மழுங்கிய அலகு ஃபோமை வெட்டாது, உருக்கும்.
அதே நேரம் தொலைபேசி, பள்ளிக்கூடத்திலிருந்து.
பொத்தானை விடுவிக்காமல்
சுவரில் செருகியைப் பிடுங்கினேன்.
"குளிர் காரணமாக இன்று பஸ்கள் ஓடாது."
மகள் சங்கமி வீட்டு வாசலில் நிற்பாள், பூட்ஸோடு.
ஒரு காதில் அவளுக்குச் சொல்லிக்கொண்டே
அலகுகளை மாற்றினேன், திருகுகளை இறுக்கினேன்,
வாளைப் பக்கவாட்டில் மேசையில் கிடத்தினேன்.
எல்லாம் சரியாகச் செய்தேன்.
அந்த ஒன்றைத் தவிர.

செருகியதும்
மேசை உறுமியது.
வாள் மீன்போலத் துள்ளிப் பாய்ந்து
ஓல்காவின் இருக்கை மூலையைக் கடித்து
அளவுநாடாவை விழுங்கி
விளிம்பில் தொங்கி நின்று ஆடியது.
நான் சுவரோரம், ஏழடி தள்ளி.
அந்த ஏழடிதான்
என்னிடம் இன்னும் பத்து விரல் இருப்பதற்குக் காரணம்.
புத்தி அல்ல, வயரின் நீளம்.

பிடுங்கினேன்.
ஃபோம் துணுக்குகள் காற்றில் இறங்க மறுத்தன,
மயிரில், முகக்கவசத்தில், கம்பளிக் கையில்
நிலைமின்சாரத்தோடு வந்து ஒட்டின.
கொஞ்ச நேரம் தரையில் உட்கார்ந்திருந்தேன்.

பத்து மணிக்கு ஓல்காவே வந்தாள்.
பஸ் இல்லாத நாளில் அவளுக்கும் போக இடமில்லை.
கடிபட்ட மூலையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
"இது போதும், அந்தப் பள்ளத்தில்
பெல்ட்டின் கொளுக்கி உட்காரும்" என்றாள்.
போதாது என்றேன்.
புதுப் பாளம் இழுத்தேன்.
முதலில் பொத்தான், டிக்.
வெளியே வந்துவிட்டது, சரி.
மறுபடி அழுத்தி விட்டுப் பார்த்தேன், டிக்.
அப்புறம்தான் சுவருக்குப் போனேன்.
வயரைத் தோளுக்குப் பின்னால் எறிந்தேன்,
இடக்கையை அலகு போகும் வழியிலிருந்து விலக்கி வைத்தேன்.
முழுச் சரிவையும் கட்டைவிரல் அழுத்திப் பிடித்தே வெட்டினேன்.
வலித்தது. வலிக்கட்டும்.

கடிபட்டதை அவள் நாய்க்கென்று கொண்டுபோனாள்.
அளவுநாடா மட்டும் என்னிடம் மிச்சம்,
பதினைந்தாம் அங்குலத்திலிருந்து தொடங்குகிறது.
புதிது வாங்கப் பத்து டொலர்கூட ஆகாது.
வாங்கவில்லை.
ஒவ்வொரு வெட்டுக்கும் முன்
பதினைந்தைக் கழித்துக் கழித்து
அளக்கிறேன்.